நர்சிங் ஹோம் மருந்து ஸ்டோர்: வெயில், பிரிட்ஜ், வார்டு அலமாரி. எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

காட்பாடி ஸ்டோர் எழுதியது:

வணக்கம். காட்பாடிப் பக்கம் முப்பது படுக்கை உள்ள ஒரு தனியார் நர்சிங் ஹோமில் மருந்து ஸ்டோர் பொறுப்பு என் கைக்கு வந்திருக்கிறது. எனக்கு முன் இருந்தவர் வெளிநாடு போய்விட்டார். சாவிக்கொத்தையும் ஒரு நீளமான இருப்புப் பதிவேட்டையும் கொடுத்துவிட்டுப் போனார், விளக்கம் எதுவும் இல்லை.

நிலவரம் இதுதான். ஸ்டோர் மொட்டை மாடிக்கு நேர் கீழே, மேற்குப் பார்த்த சுவர். கத்திரி இன்னும் தொடங்கவே இல்லை, அதற்குள் மதியம் மூன்று மணிக்கு உள்ளே 36 டிகிரி காட்டுகிறது. வீட்டு உபயோக பிரிட்ஜ் ஒன்று. அதில் இன்சுலின், ஆக்ஸிடோசின், டி.டி. ஊசி (ரண ஜன்னித் தடுப்பூசி), ஸ்கோலின் (மயக்கம் கொடுக்கும்போது தசையைத் தளர்த்தும் ஊசி), அப்புறம் யாருடையதோ தயிர்சாத டப்பா. வார்டு, லேபர் ரூம், தியேட்டர், கேஷுவாலிட்டி என்று நான்கு இடத்தில் தனித்தனி அலமாரி. அங்கே என்ன இருக்கிறது என்று என் பதிவேட்டில் இல்லை. ஸ்டோரை விட்டு வெளியே போனதுமே 'செலவு' என்று எழுதிவிடுவது இங்கே வழக்கம்.

என் யோசனை: நான்கு அலமாரியையும் காலி செய்து எல்லாவற்றையும் மேலே கொண்டுவந்து பூட்டிவிடுவது. இன்டென்ட் (மருந்து கேட்டு எழுதும் சீட்டு) வந்தால் மட்டும் மருந்து. மேனேஜர் சரி என்கிறார். சிஸ்டர்கள் முறைக்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

குடியாத்தம் பெரியவர் எழுதியது:

தம்பி, முதலில் வெயிலைப் பாருங்கள், அலமாரி அப்புறம்.

நான் அரசு மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது யாருக்கும் செய்தி இல்லை. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் சூடு ராத்திரி பத்து மணி வரைக்கும் இறங்காது. மருந்துப் பெட்டியில் '30 டிகிரிக்குக் கீழ்', '25 டிகிரிக்குக் கீழ்' என்று அச்சடித்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல. ஒரு நாள் உட்கார்ந்து ஸ்டோரில் உள்ள ஒவ்வொரு மருந்தின் பெட்டியையும் படியுங்கள். 25க்குக் கீழ் என்பவை ஒரு பக்கம், 30க்குக் கீழ் என்பவை ஒரு பக்கம், 2 முதல் 8 வரை என்பவை பிரிட்ஜ். இப்படிப் பிரித்தாலே எவ்வளவு இடத்துக்கு ஏ.சி. தேவை என்று தெரிந்துவிடும். முழு ஸ்டோருக்கும் ஏ.சி. கேட்டால் முதலாளி தலையில் கை வைப்பார். 25க்குக் கீழ் வைக்க வேண்டியவை மட்டும் ஒரு சின்ன அறைக்குள் அடங்கிவிடும், அதற்குக் கேளுங்கள். முடிந்தால் ஸ்டோரையே தரைத்தளத்துக்கு இறக்குங்கள். வடக்குப் பக்க அறை கிடைத்தால் விடாதீர்கள்.

அட்டைப்பெட்டிகளைத் தரையில் வைக்காதீர்கள். தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரம், சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, அடுக்கு இரண்டரை மீட்டரைத் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கிடங்கு வழிகாட்டியில் உள்ள கணக்கு இது. சுவரிலிருந்து தள்ளி வைப்பது காற்றோட்டத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். மேற்குச் சுவரைச் சாயந்திரம் ஐந்து மணிக்குத் தொட்டுப் பாருங்கள், அதில் ஒட்டி நிற்கும் குளுக்கோஸ் பெட்டிக்கு என்ன ஆகும் என்று புரியும்.

வெயிலை விட ஈரம் மோசம் என்பதும் உண்டு. அமாக்ஸிசிலின்-கிளாவுலானிக் மாத்திரையை ஸ்டிரிப்பிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டு வைக்கும் பழக்கம் சில இடத்தில் இருக்கிறது. ஐப்பசி மழையில் இரண்டு நாள் போதும், மாத்திரை பழுப்பேறிப் போகும். அதைக் கொடுக்கவே கூடாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கட்டி தட்டினாலும் அப்படித்தான்.

அரசுப் பக்கம் எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்த பிறகு மாவட்டக் கிடங்கிலிருந்து பாஸ்புக் போட்டு எடுப்போம். எவ்வளவு எடுத்தோம், இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அந்தப் புத்தகமே சொல்லிவிடும். தனியாரில் அந்தப் புத்தகத்தை நீங்களே உருவாக்க வேண்டும்.

---

ஆம்பூர் கடைக்காரர் எழுதியது:

பெரியவர் சொன்னது அத்தனையும் சரி. நான் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். ஏ.சி. பில் கட்டும்போது வயிறு எரிகிறது, ஆனால் மே மாதத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போகும் நேரத்தில் உள்ளே எவ்வளவு ஏறுகிறது என்று ஒருமுறை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு மதியமும் ஏ.சி. ஓடுகிறது.

ஒன்று சேர்க்கிறேன். ஸ்டிரிப்பை வெட்டிக் கொடுக்கும்போது பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும் முனையைக் கடைசி வரை வெட்டாதீர்கள். மிச்ச நாலு மாத்திரை எந்த வருஷத்தது என்று யாருக்கும் தெரியாமல் போகும். வார்டு அலமாரிகளில் இந்த அநாதை மாத்திரைகள்தான் அதிகம்.

தயிர்சாதம் சரி, எங்கள் ஊராக இருந்தால் பிரிட்ஜில் பிரியாணி இருந்திருக்கும்.

---

நைட் டியூட்டி அக்கா எழுதியது:

ராணிப்பேட்டையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். காட்பாடி தம்பியின் யோசனை எழுத்தில் நன்றாக இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

பிரசவம் முடிந்து ரத்தப்போக்கு நிற்கவில்லை. லேபர் ரூமில் ஆக்ஸிடோசின் இல்லை, ஏனென்றால் எல்லாம் மாடியில் பூட்டியிருக்கிறது. சாவி யாரிடம்? செக்யூரிட்டியிடம். செக்யூரிட்டி எங்கே? டீ குடிக்க. இன்டென்டில் கையெழுத்து யார் போடுவது? டியூட்டி டாக்டர் நோயாளியின் அருகில் இருக்கிறார், கையெழுத்துப் போட வர மாட்டார், வரவும் கூடாது.

இப்படி ஒரு முறை நடந்துவிட்டால் அடுத்த நாள் என்ன நடக்கும் தெரியுமா? ஒவ்வொரு சிஸ்டரும் ஐந்து ஆம்பூல் எடுத்து எங்காவது ஒளித்து வைப்பார்கள். டிரெஸ்ஸிங் டிரம்முக்குப் பின்னால், கேஸ் ஷீட் டிராயரில், லாக்கரில். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இதே மாதிரி பூட்டினார்கள். அப்புறம் பெயிண்ட் அடிக்க அலமாரிகளை நகர்த்தியபோது பின்னால் இருந்து அட்ரினலின், டெரிஃபிலின், ஹைட்ரோகார்ட்டிசோன் எல்லாம் உதிர்ந்தன. பாதிக்கு மேல் காலாவதி. எதுவும் பதிவேட்டில் இல்லை.

பூட்டை இறுக்கினால் மருந்து ஒளிந்துகொள்ளும். அலமாரியில் இருக்கும் மருந்தையாவது நீங்கள் எண்ணலாம். ஒளிந்த மருந்தை யார் எண்ணுவது?

---

காட்பாடி ஸ்டோர் எழுதியது:

அக்கா, கோபப்படாமல் கேளுங்கள். நேற்று கேஷுவாலிட்டி அலமாரியைத் திறந்தேன். ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி) 5 மில்லி குப்பி இரண்டு வகை, 5,000 யூனிட்டும் 25,000 யூனிட்டும் ஒரே தட்டில், தோளோடு தோள். மரத்துப்போகப் போடும் ஒரு லிக்னோகெய்ன் குப்பி மூடி திறந்து ஊசி குத்தியபடி, எப்போது திறந்தது என்று எழுதவில்லை. ஃபார்மலின் (திசுவைப் பதப்படுத்தும் நச்சுத் திரவம்) பாட்டிலும் டிஸ்டில்டு வாட்டரும் ஒரே வரிசை. இதைப் பார்த்த பிறகு பூட்டாமல் எப்படி இருப்பது?

---

நைட் டியூட்டி அக்கா எழுதியது:

கோபமில்லை தம்பி. நீங்கள் சொன்னதில் ஒன்றைக்கூட நான் நியாயப்படுத்த மாட்டேன். ஃபார்மலின் அங்கே இருக்கவே கூடாது, ஸ்பிரிட்டும்தான். அவற்றுக்கு வேறு அறை. ஆனால் அந்த அலமாரி யாருடைய பொறுப்பு என்று யாரையாவது கேட்டீர்களா? மூன்று ஷிஃப்ட், ஷிஃப்டுக்கு இரண்டு பேர். எல்லோருடையதும் என்றால் யாருடையதும் இல்லை. கதவில் ஒரு பெயரை ஒட்டுங்கள். ஷிஃப்டை ஒட்டாதீர்கள், ஆளை ஒட்டுங்கள். அவர் லீவு போட்டால் அடுத்து யார் என்றும் எழுதுங்கள்.

திறந்த குப்பிக்கு: கையோடு ஒரு பிளாஸ்டர் துண்டு, அதில் திறந்த தேதி, நேரம், கையெழுத்து. தேதி எழுதாத திறந்த குப்பியைக் கண்டால் கேள்வி கேட்காமல் ஒதுக்கிவிடுங்கள். கொஞ்ச நாள் திட்டுவார்கள், பிறகு எழுதுவார்கள்.

---

மயக்க மருந்து டாக்டர் எழுதியது:

நான் நாலைந்து நர்சிங் ஹோம்களுக்குப் போய் மயக்க மருந்து கொடுக்கிறவன். ஒவ்வொரு இடத்திலும் டிராலி ஒவ்வொரு மாதிரி. இரண்டு பேர் சொல்வதும் சரி. எந்த மருந்து என்பதைப் பொறுத்துத்தான் முடிவு.

வார்டிலிருந்து உடனே எடுக்க வேண்டியது: பொட்டாசியம் குளோரைடு. நம் ஊரில் வரும் 10 மில்லி ஆம்பூலில் 15 சதவீதம், அதாவது 20 மில்லிஈக்விவலென்ட் (உப்பின் அளவைச் சொல்லும் அலகு). டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூலும் அதே 10 மில்லி, அதே பிளாஸ்டிக். பவுடர் மருந்தைக் கரைக்க அவசரத்தில் இதை எடுத்து நேராக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அதற்குப் பிறகு பதிவேடு பார்த்துப் பயனில்லை. பொட்டாசியம் ஐ.சி.யு. இருந்தால் அங்கே, இல்லையென்றால் ஸ்டோரில். சிவப்பு டப்பாவில், தனியாக. வார்டில் வேண்டாம். இதில் நைட் டியூட்டி அக்காவும் என்னோடு சண்டை போட மாட்டார் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, தியேட்டரில் ரத்தப்போக்கை நிறுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலமும், மரத்துப்போக முதுகில் போடும் பூபிவாகெய்னும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி ஆம்பூலில் வருவதுண்டு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை முதுகுத்தண்டில் போட்டு உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. டிரானெக்ஸாமிக்கை ஸ்பைனல் டிராலியில் வைக்கவே கூடாது, வேறு இடம், வேறு தட்டு. ஏஜென்சிக்காரர் கம்பெனி மாற்றி அனுப்பினால் ஆம்பூலின் தோற்றமும் மாறும். அந்தப் பெட்டி ஸ்டோருக்குள் நுழையும்போதே நீங்கள்தான் பார்த்து 'இது மாறிவிட்டது' என்று தியேட்டருக்குச் சொல்ல வேண்டும். நாங்கள் டிராலியில் பழக்கத்தில் கை வைப்போம்.

கெட்டமின் என்ற மயக்க மருந்து ஷெட்யூல் எக்ஸ், அதாவது கடும் கட்டுப்பாட்டுப் பட்டியல். ஃபென்டனில், மார்ஃபின், பெத்திடின் என்.டி.பி.எஸ். (போதைப்பொருள் தடுப்பு) சட்டத்துக்குள். இவை இரட்டைப் பூட்டு, இரண்டு பேரிடம் இரண்டு சாவி. ஆம்பூலில் 2 மில்லி இருந்து ஒன்று மட்டும் போட்டால், மிச்சம் ஒரு மில்லியை இன்னொருவர் கண் முன் அழித்து இருவரும் கையெழுத்து. காலி ஆம்பூல் திரும்பி வந்தால்தான் அடுத்தது. இதில் தயவு தாட்சண்யம் கிடையாது, எனக்கும் சேர்த்துத்தான்.

ஸ்கோலின் பிரிட்ஜில் இருக்கட்டும். வெளியே டிராலியில் கிடந்தால் வெயிலில் வீரியம் குறைந்துகொண்டே போகும். எனக்குத் தெரிய வருவது நோயாளிக்குக் குழாய் போட முயலும்போதுதான்.

---

ஒடுகத்தூர் குளிர்ப்பெட்டி எழுதியது:

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசிக் குளிர்ச்சங்கிலி பார்க்கிறேன். தடுப்பூசி வைக்கும் எங்கள் ஐ.எல்.ஆர். குளிர்பெட்டியில் காலை மாலை இரண்டு வேளையும் வெப்பநிலை எழுத வேண்டும், ஞாயிறு, பொங்கல், தீபாவளி என்று விலக்கில்லை. அதனால் பிரிட்ஜ் பற்றி நான் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் சூட்டுக்குப் பயப்படுகிறார்கள். வீட்டு பிரிட்ஜில் பாதி நஷ்டம் குளிரால் வருகிறது. ஒற்றைக் கதவு பிரிட்ஜில் ஃப்ரீசர் தட்டுக்கு நேர் கீழே வைத்த குப்பி ராத்திரியில் உறைந்து காலையில் உருகிவிடும், பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி மைனஸ் அரை டிகிரியிலேயே உறையத் தொடங்கும். டி.டி., பென்டாவேலன்ட் (ஐந்து நோய்க்கான தடுப்பூசி) எல்லாம் உறைந்தால் வீண். இன்சுலினும் உறையக் கூடாது. ஐஸ் போட்ட டப்பாவில் நேரடியாக ஐஸைத் தொட்டபடி இன்சுலினை எடுத்துப் போகிறவர்களை பஸ் ஸ்டாண்டில் தினமும் பார்க்கலாம்.

என்ன செய்யலாம்:

கதவுத் தட்டில் எதுவும் வைக்காதீர்கள், திறக்கும்போதெல்லாம் சூடேறும் இடம் அது. ஃப்ரீசரை ஒட்டியும் வேண்டாம். நடுத் தட்டுகள் மட்டும். சுவரில் ஒட்டாமல், பெட்டிகளுக்கு இடையில் காற்று போகும்படி. காய்கறித் தட்டில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி வையுங்கள், கரண்ட் போனால் அவை குளிரைப் பிடித்து வைக்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று எழுதி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் மே மாதத்தில் ஒரு பாட்டிலும் மிஞ்சாது.

வெளியே எண் காட்டும், அதிகபட்சம்-குறைந்தபட்சம் நினைவில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். அதன் முனையைக் கிளிசரின் நிரப்பிய சின்னக் குப்பிக்குள் விட்டு நடுத்தட்டில் வையுங்கள். வெறும் காற்றில் விட்டால் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் எண் துள்ளும், குப்பிக்குள் மருந்தின் நிலைமை என்ன என்று தெரியாது. காலையில் பார்ப்பது அப்போதைய எண்ணை மட்டுமல்ல, ராத்திரி எவ்வளவு இறங்கியது, எவ்வளவு ஏறியது என்பதையும். பார்த்ததும் ரீசெட்.

மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் சாயந்திரம் வரை நிறுத்தும் நாள் முன்பே அறிவிப்பில் வரும். அந்த அறிவிப்பை வாட்ஸ்அப்பில் பார்ப்பது யார் வேலை என்று முடிவு செய்யுங்கள். அன்று பிரிட்ஜைத் திறக்கவே கூடாது, ஜெனரேட்டர் லைனில் பிரிட்ஜ் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். பல இடத்தில் லிஃப்டும் ரிசப்ஷன் ஏ.சி.யும் ஜெனரேட்டரில் இருக்கும், மருந்து பிரிட்ஜ் இருக்காது.

தயிர்சாதத்தை இன்றைக்கே வெளியே எடுங்கள்.

---

பி.ஃபார்ம் கடைசி வருஷம் எழுதியது:

ஒரு சந்தேகம் சார். உறைந்ததா என்று தெரிய 'ஷேக் டெஸ்ட்' உண்டே, இன்சுலினுக்கும் அதைச் செய்து பார்க்கலாமா? தடுப்பூசிக் குப்பியில் நிறம் மாறும் வட்டம் இருக்கிறதே, அது உறைந்ததைக் காட்டாதா?

---

ஒடுகத்தூர் குளிர்ப்பெட்டி எழுதியது:

இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். ஷேக் டெஸ்ட் அலுமினியம் சேர்த்த தடுப்பூசிகளுக்கு மட்டும். வேண்டுமென்றே உறையவைத்த ஒரு குப்பியையும் சந்தேகமான குப்பியையும் சேர்த்துக் குலுக்கி வைத்து, எது வேகமாகப் படிகிறது என்று ஒப்பிடுவது அது. இன்சுலினுக்கு அப்படி ஒன்று கிடையாது. உறைந்ததாகச் சந்தேகம் வந்தால் பயன்படுத்தக் கூடாது. வி.வி.எம். என்ற அந்த நிறம் மாறும் வட்டம் சூட்டை மட்டும் கூட்டிக்கொண்டே வரும். உறைந்த குப்பியிலும் வட்டம் அழகாகப் புத்தம் புதியதாக இருக்கும், அதை நம்பி ஏமாறாதீர்கள்.

இன்னொன்று. பிரிட்ஜ் கெட்டுப்போய் 14 டிகிரிக்குப் போயிருந்தால் உடனே எல்லாவற்றையும் குப்பையில் போடாதீர்கள், பழையபடி அலமாரியிலும் கலக்காதீர்கள். வேறு பிரிட்ஜுக்கு மாற்றி, 'பயன்படுத்தாதே' என்று ஒட்டி, எத்தனை மணி நேரம், அதிகபட்சம் எவ்வளவு என்று எழுதி, கம்பெனியிடம் பேட்ச் எண் சொல்லிக் கேளுங்கள். சில மருந்து தாங்கும், சில தாங்காது. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

---

குடியாத்தம் பெரியவர் எழுதியது:

ஆக்ஸிடோசின் பற்றி ஒரு வார்த்தை. சில கம்பெனி பெட்டியில் 25 டிகிரி வரை என்று போட்டிருக்கும், அதைப் பார்த்து வெளியே வைத்துவிடுகிறார்கள். 2019-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் சேர்ந்து சொன்னது, பெட்டியில் என்ன இருந்தாலும் 2 முதல் 8 டிகிரியில் வைப்பதே பத்திரம் என்று. நம் ஊர் மே மாதத்துக்கு அதுவே சரி. வீரியம் போன ஆக்ஸிடோசின் போட்டு, ரத்தம் நிற்கவில்லை, இன்னும் போடு இன்னும் போடு என்று நேரம் ஓடுவதை யோசித்துப் பாருங்கள்.

அதனால் லேபர் ரூமுக்கே ஒரு சின்ன பிரிட்ஜ் வாங்கச் சொல்லுங்கள். அக்காவின் இரண்டு மணிப் பிரச்சினையும் அதில் பாதி தீரும்.

எவ்வளவு வைப்பது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மாதம் 90 ஆம்பூல் போகிறது என்றால் நாளுக்கு 3. ஆர்டர் கொடுத்து வந்து சேர 4 நாள், கையிருப்புக்கு இன்னும் 7 நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். பதினோரு நாளுக்கு 33. இருப்பு 33-ஐத் தொட்டதும் ஆர்டர். இதை எல்லா மருந்துக்கும் போட வேண்டாம், மண்டை காய்ந்துவிடும். உயிர் காப்பவை, அவசியமானவை, இருந்தால் நல்லது என்று மூன்றாகப் பிரித்து, முதல் வகைக்கு மட்டும் கறாராகப் போடுங்கள். வைட்டமின் டானிக் தீர்ந்தால் நாளை வாங்கிக்கொள்ளலாம்.

---

அணைக்கட்டு மலையடி எழுதியது:

பாம்புக்கடி மருந்தையும் இந்த முதல் வகையில் போடுங்கள் சார். ஜவ்வாது மலைப் பக்கம் இருந்து ராத்திரி கட்டுவிரியன் கடித்து வருகிறவர் முதலில் எந்த வெளிச்சம் தெரிகிறதோ அங்கேதான் இறங்குவார். ஆரம்ப அளவே 10 குப்பி வரை போகும். இரண்டு குப்பி வைத்துக்கொண்டு 'எங்களிடம் இருக்கிறது' என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. முழு அளவு வையுங்கள், இல்லையென்றால் உடனே 108-ல் ஏற்றி அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு அனுப்புவது என்று முடிவெடுத்து எழுதி ஒட்டுங்கள். பவுடராக வருவதை பிரிட்ஜ் இல்லாமல் குளிர்ந்த இடத்தில் வைக்கலாம், திரவமாக வருவதற்கு பிரிட்ஜ் கட்டாயம். இரண்டில் எது வாங்குகிறீர்கள் என்று பார்த்து வாங்குங்கள். பக்கத்திலேயே அட்ரினலின் இருக்க வேண்டும், பாம்புக்கடி மருந்தே அலர்ஜி தரும்.

---

காந்தி ரோடு லாட்ஜ் பக்கம் எழுதியது:

யாரும் சொல்லாத ஒன்று. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் அஸ்ஸாம், மேற்கு வங்காளம், பங்களாதேஷ் நோயாளிகள் ஒரு பை நிறைய மருந்தோடு வருகிறார்கள். லாட்ஜில் தங்கி, நடுவில் உடம்புக்கு முடியாமல் போனால் நம்மைப் போன்ற சின்ன ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். அந்தப் பை கட்டிலுக்கு அடியில் போகும். அதில் இன்சுலின் இருக்கும், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை இருக்கும், பிராண்ட் பெயர் நமக்குத் தெரியாது. வார்டில் நாம் ஒன்று கொடுப்போம், கூட இருக்கும் உறவினர் அதே மருந்தை வேறு பெயரில் பையிலிருந்து கொடுப்பார்.

நாங்கள் சேர்க்கும்போதே பையைத் திறந்து, மூலப்பொருள் பெயரைப் பார்த்துப் பட்டியல் எழுதி டாக்டரிடம் காட்டுகிறோம். தொடர வேண்டியதை மட்டும் பெயர் ஒட்டி வார்டு அலமாரியில் தனி டப்பா, மிச்சத்தைக் கட்டி சீல் வைத்து வீட்டுக்காரரிடம். மொழி தெரியாவிட்டால் ஸ்டிரிப்பைக் கையில் காட்டிப் பேச வேண்டும், சைகையில் 'சரி சரி' என்று தலையாட்டுவதை நம்ப முடியாது.

---

ஆம்பூர் கடைக்காரர் எழுதியது:

காலாவதி ஆனதை என்ன செய்கிறீர்கள்? நான் மூன்று மாதம் முன்பே பிரித்துத் தனிப் பெட்டியில் போட்டு ஏஜென்சிக்காரரிடம் சொல்லிவிடுவேன், எக்ஸ்பைரி ரிட்டர்னில் போய்விடும். போகாமல் நின்றவற்றை ஒருத்தர் வாஷ்பேசினில் ஊற்றச் சொன்னார். தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996-ல் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் பாலாறு ஏற்கெனவே பார்த்துவிட்டது, ஆன்டிபயாட்டிக்கும் எதற்கு?

---

குடியாத்தம் பெரியவர் எழுதியது:

2016 உயிரி மருத்துவக் கழிவு விதிப்படி காலாவதி மருந்து மஞ்சள் வகை. கம்பெனிக்குத் திருப்பலாம், இல்லாவிட்டால் கழிவு எடுக்க வரும் பொதுச் சுத்திகரிப்பு நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். புற்றுநோய் மருந்து என்றால் தனி அடையாளத்தோடு. என்.டி.பி.எஸ். மருந்தை இந்தப் பையில் சேர்த்துவிடாதீர்கள், அதற்கு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

'காலாவதி 06/2026' என்றால் ஜூன் கடைசி நாள் வரை பயன்படுத்தலாம். ஜூன் ஒன்றாம் தேதியே தூக்கி எறிகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், ஜூலை பாதி வரை இழுக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். முதலில் காலாவதியாவது முதலில் வெளியே போக வேண்டும், முதலில் வந்தது அல்ல. புதுப் பெட்டிக்கு சில நேரம் பழையதை விட ஆயுள் குறைவாக இருக்கும்.

---

மாடரேட்டர் எழுதியது:

மருந்தின் அளவு கேட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இங்கே சேமிப்பு, இருப்பு மட்டும்.

---

காட்பாடி ஸ்டோர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மேனேஜரோடும் இரண்டு சீனியர் சிஸ்டர்களோடும் உட்கார்ந்து பேசினேன். முழுதாகப் பூட்டும் யோசனையைக் கைவிட்டாயிற்று.

முடிவானது: ஸ்டோர் தரைத்தளத்தில் பழைய எக்ஸ்ரே அறைக்கு இறங்குகிறது. வெளிச்சம் வராத அறை, தடிமன் சுவர், அதற்குள் ஒரு ஓரம் தடுத்து ஏ.சி. பொட்டாசியம் வார்டிலிருந்து போயாயிற்று. ஹெப்பாரினில் 25,000 குப்பி ஸ்டோரில் மட்டும். லேபர் ரூமுக்குச் சின்ன பிரிட்ஜ், ஜெனரேட்டர் லைனில். எலெக்ட்ரீஷியனிடம் கேட்டேன், ஒடுகத்தூர் சார் சொன்னபடியே மருந்து பிரிட்ஜ் அதில் இல்லை, ரிசப்ஷன் டி.வி. இருந்தது.

நான்கு அலமாரியும் இருக்கும். ஒவ்வொன்றிலும் எத்தனை என்று நிர்ணயித்த பட்டியல் கதவின் உள்பக்கம், பொறுப்பாளர் பெயர் வெளிப்பக்கம். ஸ்டோரிலிருந்து போனால் இனி 'செலவு' இல்லை, 'வார்டு இருப்பு' என்று தனிப் பக்கம். நோயாளிக்குப் போட்டால்தான் செலவு.

இரவுக்கு ஒரு பெட்டி. அவசர மருந்துகள் நிர்ணயித்த எண்ணிக்கையில், எண் போட்ட பிளாஸ்டிக் சீல். மூடியில் உள்ளே இருப்பதன் பட்டியலும், அவற்றில் எது முதலில் காலாவதி என்ற தேதியும். ஷிஃப்ட் மாறும்போது சீல் எண் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும், ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். தேவைப்பட்டால் சீலை உடைத்து எடுத்துப் போடலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். காலையில் எட்டு மணிக்கு நான் வந்து எது குறைந்ததோ அதை நிரப்பிப் புது சீல் போடுவேன். ஞாயிறு யார் போடுவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

ஒளித்து வைத்தவற்றைத் திருப்பிக் கொடுக்க ஒரு வாரம் கொடுத்திருக்கிறோம், பெயர் கேட்க மாட்டோம் என்று. நர்ஸ் ஸ்டேஷனில் ஒரு காலி டப்பா வைத்தேன். இரண்டாம் நாளே நிரம்பி, இன்னொரு டப்பா கேட்டார்கள்.

---

நைட் டியூட்டி அக்கா எழுதியது:

ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டாவது பெட்டி ஒன்றைச் சீல் வைத்தே தயாராக ஸ்டோருக்கு வெளியில், நர்சிங் சூப்பரின்டென்டென்ட் அறையில் வையுங்கள். முதல் பெட்டி உடைந்தால் அதை எடுத்து மாற்றிக்கொள்வார்கள், உடைந்தது திங்கட்கிழமை உங்களிடம் வரும். சீல் மொத்தமாக வாங்குங்கள், நூறு கட்டாக வரும். எண் தொடராக இருக்கிறதா பாருங்கள். எங்களுக்கு ஒருமுறை எல்லாவற்றிலும் ஒரே எண் அச்சடித்து வந்தது.

---

காட்பாடி ஸ்டோர் எழுதியது:

இரண்டாவது பெட்டி நல்ல யோசனை அக்கா, மேனேஜரிடம் இன்றே கேட்கிறேன். சீல் எங்கே வாங்கினீர்கள்? வேலூர் லாங்கு பஜாரில் கிடைக்குமா, சென்னையில் சொல்லித்தான் வாங்க வேண்டுமா?